குரல் போன நாள்

காலையில் எழுந்து பார்த்தால்
குரலைக் காணோம்.
வெந்நீர், உப்பு, மிளகு,
லாட்ஜ் மேனேஜர் தந்த ஏதோ ஒரு மாத்திரை
எதற்கும் மசியவில்லை.
தொண்டைக்குள் யாரோ ஷட்டரை இழுத்துவிட்டுச்
சாவியோடு போய்விட்டார்கள்.

மூன்று பகல், இரண்டு இரவு, ஏற்காடு.
இது மூன்றாம் பகல்.
பட்டியலில் இருபத்தாறு பேர்,
பஸ்ஸில் இருபத்தைந்து.
எண்ணூர் அனல்மின் நிலையத்தில் ஓய்வு பெற்றவர்கள்,
அவர்கள் வீட்டார்,
கேள்வி கேட்பதற்கென்றே ஒரு பேரன்.
முதல் நாள் இருபதாவது வளைவில் பனி இறங்கியபோது
அவன் கேட்டான்:
"தாத்தா, இது எந்தச் சிம்னி?"

மைக்கை வாயருகே வைத்தேன்.
காற்று வந்தது.
"சத்தமா சொல்லுங்க தம்பி"
என்றார் கடைசி சீட்டு தெய்வசிகாமணி.
மூன்று நாளாய் அதைத்தான் சொல்கிறார்.
டிரைவர் சின்னப்பையனுக்கு ஐம்பத்தெட்டு வயது.
கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்:
"இன்னிக்காச்சும் வண்டி நிம்மதியா ஓடும்."

கணக்குப் பிரிவில் இருந்த ரெஜினா மேரி
எழுந்து வந்தார்.
குறைந்த சில்லறையைக் கேட்பதுபோல்
கையை நீட்டினார்.
மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

"எல்லாரும் வலது பக்கம் பாருங்க"
என் இழுவை. என் இருமல்கூட.
"சில்வர் ஓக் அசையாம நிக்கும்,
மிளகுக்கொடி தலைமேல ஏறிக்கிட்டே இருக்கும்,
எங்க வீட்லயும் அப்படித்தான்."
பதினோரு வருடமாய் அதே திருப்பத்தில்
நான் சொல்லும் ஜோக்.
எனக்குச் சிரித்ததைவிட
அதிகமாகவே சிரித்தார்கள்.

லேடீஸ் சீட்டில் ஒன்றும் தெரியவில்லை.
கம்பிக்கு அந்தப் பக்கம்
வெள்ளை மட்டும்.
கையை நீட்டினேன், பழக்கம்:
சேலம் இருக்க வேண்டிய வெள்ளை,
மேட்டூர் இருக்க வேண்டிய வெள்ளை,
வெள்ளைக்கல் சுரங்கம், அதுவும் வெள்ளை.
இரண்டு பேர் போட்டோ எடுத்தார்கள்.
"அங்க என்ன இருக்கு?" என்றான் பேரன்.

"இங்க ஒரு அம்மா உட்கார்ந்திருந்தா,"
மைக் இல்லாமலே ஆரம்பித்தார் ரெஜினா மேரி.
"அவ புருஷன் கடிதாசி வாங்கக் கீழ போனான்.
பனி. வழி தெரியாதேன்னு
தினமும் ராத்திரி விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.
ஒரு நாள் விளக்கைப் பார்த்து
வேற யாரோ வந்துட்டான்."
"அப்புறம்?"
"அப்புறம் என்ன. டீ போட்டுக் கொடுத்தா."

நான் சொன்ன கதை இல்லை இது.
யாரும் சொன்ன கதை இல்லை.
மறுக்கத் தொண்டை துடித்தது,
மறுக்க ஆள் இல்லை உள்ளே.
பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே
பேனாவால் அடித்த ஒரு பெயர்: சவரிமுத்து.
முதல் நாளே பார்த்தேன்.
கட்டிய பணம் திரும்பாது என்பது விதி,
அதனால் கேட்கவில்லை.

இறங்கும்போது மைக் கைமாறியது.
பதினெட்டில் ஒருவர் பழைய பாட்டு,
பதினாலில் பேரன் வாந்தி,
ஒன்பதில் தெய்வசிகாமணி மைக்கை வாங்கி
ஒன்றும் சொல்லத் தோன்றாமல்
"ஒன்பது" என்றார்.
முதலாம் வளைவில் வெயில்.
மஃப்ளர்கள் ஒவ்வொன்றாய்க் கழன்றன.

ஜங்ஷனுக்கு வெளியே தட்டுவடை செட்.
காரம் கூடுதலாய்க் கேட்டுவிட்டு
எல்லோரும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.
ஒரு கவர் என் பாக்கெட்டுக்குள் வந்தது.
எடை பார்க்காத மாதிரி பார்த்தேன்.
பிளாட்பாரத்தில் விரலால் எண்ணினேன்.
இருபத்தைந்து. சரி.
ரெஜினா மேரி மட்டும் ஜன்னலிலிருந்து
"தொண்டையைப் பாருங்க" என்றார்,
பிறகு ரயில்.

நாளைக் காலை வேலூரிலிருந்து
நாற்பது பேர்.
குரல் திரும்பியிருந்து,
மேலே வானமும் தெளிவாய் இருந்தால்
அணையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.
பனியாய் இருந்தால் சொல்வேன்,
பதினோரு வருடமாய்ச் சொல்பவன் மாதிரி.

டீ வரும் இடத்தில் மட்டும்
கொஞ்சம் நிறுத்த வேண்டும்.